முதல் காதலை எந்த வழியில் தேடுவது? ஒரு தம்பிக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

போன மாதம் ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வயது 22, கரூர் பக்கம் ஊர். ஒரு வருடமாகச் சென்னையில் வேலை. வேளச்சேரியில் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். “எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்னு பத்தாவது படிக்கும்போதே தெரியும் அண்ணா. அதுல குழப்பம் இல்ல. ஆனா லவ் பண்ண ஒருத்தனை எங்க போய்த் தேடுறது?”

அவனோடு படித்த மற்ற பையன்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. பஸ் ஸ்டாப், டியூஷன், கோயில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் என்று ஊர் முழுக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கிண்டல் செய்யக்கூட நண்பர்கள் உண்டு. நமக்கோ, எதிரில் நிற்பவன் நம்மைப் போன்றவன்தானா என்பதே தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயம். அதனால்தான் நம்மில் பலர் ஏதோ ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எனக்கு இப்போது 36 வயது. அநேகமாக எல்லா வழியிலும் போய் வந்தவன். அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். 18 வயது நிறைந்தவர்களுக்காக எழுதுவது இது. அதற்குக் கீழே இருக்கும் தம்பிகள் ஆப் எதற்குள்ளும் போக வேண்டாம். நம்பிப் பேச ஒரு பெரியவரோ மனநல ஆலோசகரோ கிடைத்தால் இப்போதைக்கு அதுவே நல்லது.

அவனிடம் முதலில் ஒன்றைக் கேட்டேன். “உனக்கு என்ன வேணும்?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “ராத்திரி சாப்பிட்டியான்னு கேக்க ஒருத்தன்.” இந்தப் பதிலை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் அளந்து பார்த்தேன். ஒருவனை ஒரே நாளில் முடித்துவிடாமல் திரும்பத் திரும்பப் பார்க்க அந்த வழி இடம் கொடுக்கிறதா? உன் ரகசியம் யார் கையில் போய் நிற்கிறது? காரியம் கைகூடாமல் போனால் அன்றைக்கு ராத்திரி யாரிடம் போய் அழுவாய்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. என் அனுபவத்தில் அதுதான் பெரிய கேள்வி.

கூடவே இருக்கும் நண்பன்

நம்மில் நிறையப் பேருக்கு முதல் காதல் வருவது இங்கேதான். எனக்கும் அப்படித்தான். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரன். என் சட்டையை அவன் போட்டுக்கொள்வான், அவன் சோப்பை நான் எடுத்துக்கொள்வேன். பரீட்சை நேரத்தில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து படிப்போம். நம் ஊரில் இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சுதந்திரம்தான் நம்மைக் குழப்பவும் செய்கிறது. அவன் கை என் தோளில் இருக்கிறது, அதற்கு அவன் வைத்திருக்கும் அர்த்தம் வேறு, நான் வைத்திருக்கும் அர்த்தம் வேறு. இரண்டு வருடம் அந்த இடைவெளியிலேயே வாழ்ந்தேன்.

2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்று செய்தியில் சொன்னபோது ஹாஸ்டல் டிவி முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் சாதாரணமாகக் கொட்டாவி விட்டு, சேனலை மாத்துடா என்றான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. அந்தச் செய்தி அவனுக்குச் சம்பந்தமில்லாதது, அவ்வளவுதான். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். 2016-இல் அவனுக்குக் கல்யாணம். நண்பர்கள் சார்பில் பேனர் அடித்துக் கட்டியது நான்தான். கீழே வரிசையாக இருந்த சின்னப் படங்களில் என் முகமும் இருந்தது.

இந்த வழியின் பலம், ஆளை உனக்கு நன்றாகத் தெரியும் என்பது. அவன் நல்லவனா, கோபக்காரனா, கடன் வாங்கினால் திருப்பித் தருவானா, எல்லாம் தெரியும். வேறு எந்த வழியிலும் இது கிடைக்காது. ஆனால் அவனும் உன்னைப் போன்றவனாக இருந்தால்தான் அத்தனைக்கும் பலன். இல்லையென்றால் ஒரே நாளில் காதலும் போய், நட்பும் போய், சில நேரம் அறையும் போகும். அழுவதற்கு இருந்த ஒரே தோளும் அவனுடையதாகவே இருந்திருக்கும்.

மனதுக்குள் வைத்துக்கொண்டே இரு என்று சொல்லவில்லை. பத்து வருடம் சுமந்தவன் நான், அது உடம்பையே தின்றுவிடும். சொல்வதானால் இரண்டாகப் பிரித்துச் சொல். முதலில் “நான் கே (gay), எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும்” என்று மட்டும் சொல். அவன் பெயரை அதில் கொண்டுவராதே. அதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று ஒரு மாதம் பார். அதிலேயே அவன் யார் என்பது தெரிந்துவிடும். நல்ல நண்பனாக நின்றால் உனக்கு வேறு விதத்தில் அவன் தேவைப்படுவான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்தில் இருப்பவரைக் காட்டும் ஆப்கள்

ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான கிரைண்டர் (Grindr) ஆப் வந்தது 2009-இல். அதே வகையான பிளானட் ரோமியோ அதற்கும் முன்பே இருந்தது. திறந்தவுடன் கட்டம் கட்டமாகப் படங்கள், உனக்கு மிக அருகில் இருப்பவர் முதலில். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் என்னைப் போன்று இத்தனை பேரா! உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கட்டங்களே ஒரு மருந்து. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் அங்கே பேச்சு எப்படித் தொடங்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். “ஹாய்.” “பிக்?” “டாப்பா பாட்டமா?” “பிளேஸ் இருக்கா?” நான்காவது வரிக்குள் காரியம் முடிவாகிவிடும், இல்லை பிளாக் ஆகிவிடும். இதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. வயது வந்த இருவர் மனமொத்துச் செய்வது அவர்கள் விஷயம். ஆனால் சாப்பிட்டியா என்று கேட்க ஆள் தேடுகிற 22 வயதுப் பையன், பத்து நாள் அங்கே இருந்துவிட்டு, தனக்குத்தான் ஏதோ குறை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறான். நிறம், உடம்பு, நடை, குரல் எல்லாவற்றுக்கும் அங்கே மதிப்பெண் போடுகிறார்கள். “பெண்மை உள்ளவர்கள் வேண்டாம்” என்று முகப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத் தூங்காத தம்பிகளை எனக்குத் தெரியும்.

பணம் பறிப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். என் நண்பன் ஒருவனை இனிக்க இனிக்கப் பேசி ஒரு வீட்டுக்கு வரச்சொன்னார்கள். உள்ளே போனதும் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். போனைப் பிடுங்கி, வீடியோ எடுத்து, அப்பா நம்பருக்கு அனுப்புவோம் என்று மிரட்டி, கணக்கில் இருந்த 40 ஆயிரம் ரூபாயை அவன் கையாலேயே அனுப்ப வைத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி கேட்டார்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அவன் போலீசுக்குப் போகவில்லை. மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

ஆகவே இதைத் தெளிவாகத் தெரிந்துகொள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி, வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் சேர்வது குற்றம் இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவு அதற்கானது. ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம்மையும் நமக்காக வேலை செய்யும் அமைப்புகளையும் போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2022-இல் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதே, ஒரு வக்கீலோ அமைப்பைச் சேர்ந்த ஒருவரோ கூட வரட்டும். இரண்டாவது முறை பணம் கொடுக்கவே கொடுக்காதே. கொடுத்தால் மூன்றாவது முறையும் கேட்பார்கள்.

ஆப்பில் தூரத்தைக் காட்டாமல் மறைத்து வைக்கலாம். ஆனாலும் கட்டங்களின் வரிசையை வைத்தே நீ அருகில் இருப்பதை ஊகித்துவிடலாம். சின்ன ஊரில் அது போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு நிமிடமாவது வீடியோ கால். எங்கே போகிறாய் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போ. அந்த ஒருவர் யார்? இங்கேதான் மறுபடி மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது.

உடம்பு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கும். எச்ஐவி பரிசோதனை அங்கே இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். பாதுகாப்பில்லாமல் ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்குப் பேசலாம். வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதே.

டிண்டர், ஹிஞ்ச் வகை

இவற்றில் இருவருக்கும் பிடித்தால்தான் பேச முடியும், அதனால் பேச்சு கொஞ்சம் மனிதப் பேச்சாகத் தொடங்குகிறது. முகத்தைக் காட்டத்தான் பயம். ஆனால் பெண்களைத் தேடுவதாகப் போட்டிருக்கும் உன் அலுவலக நண்பன் கண்ணில், ஆண்களைத் தேடும் உன் பக்கம் பொதுவாகப் படாது. டிண்டரில் போனில் இருக்கும் நம்பர்களை முன்கூட்டியே தடுத்து வைக்கும் வசதியும் உண்டு. முகம் சரிபார்த்த அடையாளம் இருப்பவர்களிடம் மட்டும் பேசு.

குறை என்னவென்றால் அது சென்னை, கோவையில் ஓடுகிற அளவுக்குச் சின்ன ஊரில் ஓடாது. கரூரில் திறந்தால் பத்துப் பேரோடு தீர்ந்துபோகும். இன்னொரு குறை ஆங்கிலம். அங்கே எல்லோரும் மலையேறியது, காபி, நாய்க்குட்டி என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். தமிழில் எழுதினால் மதிக்க மாட்டார்களோ என்று அந்தத் தம்பி தயங்கினான். தமிழிலேயே எழுது என்றேன். ‘ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோ கேட்டுக்கொண்டே சமைப்பேன்’ என்று எழுதினான். அதைப் பார்த்துப் பேச வந்தவர்கள் மூன்று பேர்தான். ஆனால் மூன்று பேருமே ஒழுங்காகப் பேசினார்கள்.

தூரத்து இன்ஸ்டாகிராம் நண்பன்

சொந்தப் பெயரில்லாத ஒரு கணக்கு, ஸ்டோரிக்கு ஒரு பதில், அப்புறம் விடிய விடியப் பேச்சு. இதில் மனசு திறக்கிற அளவுக்கு வேறெதிலும் திறப்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவனுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஆறு மாதம் ஆகியும் ஒரு வீடியோ கால்கூட வராதவன், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடு. எதிரில் இருப்பவர் மலேசியத் தமிழராகவோ இலங்கைத் தமிழராகவோ இருந்தால் அவருடைய பக்கத்தையும் யோசி. அந்த இரண்டு நாடுகளிலும் சட்டம் ஆணும் ஆணும் சேர்வதை இன்னும் குற்றம் என்றுதான் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் மட்டும் அதைக் குற்றமாக்கிய பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அவர் அனுப்பும் படத்தை நீ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதுகூட அவருக்கு ஆபத்தாகலாம்.

குழுக் கூட்டங்களும் ஜூன் மாதமும்

சென்னையில் நம்மைப் போன்றவர்களுக்கான சகோதரன் அமைப்பு 1998 முதல் இருக்கிறது. ஓரினம் என்ற இன்னொரு குழு 2003-இல் தொடங்கியது. அதன் தளத்தில் தமிழிலேயே கவிதைகளும் அனுபவங்களும் பெற்றோருக்கான விளக்கங்களும் உண்டு. நம்மைப் போன்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் ஆதரவுக் கூட்டங்களும் நடத்தியிருக்கிறார்கள். 2009 முதல் சென்னையில் ஜூன் மாதம், நாம் யார் என்பதைப் பெருமையோடு சொல்லி நடக்கும் வானவில் பேரணி நடக்கிறது. முகமூடி போட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு, அவர்களை யாரும் கழற்றச் சொல்வதில்லை. 2018 முதல் நம்மைப் போன்றவர்களின் எழுத்துக்கான குயர் (queer) இலக்கிய விழாவும் நடக்கிறது. மதுரையில் 2012-லேயே, நம்மைப் போன்றவரான கணினி அறிஞர் ஆலன் டூரிங் பெயரில் வானவில் விழா நடந்திருக்கிறது.

இங்கே காதலன் உடனே கிடைப்பானா என்றால், மாட்டான். அப்படித் தேடிக்கொண்டு வருகிறவனை எல்லோரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டம் சின்னது, யார் யாரோடு இருந்து பிரிந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், சில நேரம் அந்தப் பேச்சே நம்மைக் காயப்படுத்தும். ஆங்கிலம் இங்கேயும் உண்டு. முதல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன், பாதி புரியவில்லை. திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஒரு பையன் இதற்காக பஸ் ஏறி வர முடியுமா என்பதும் நியாயமான கேள்வி. வர முடியாதவர்களுக்கு ஆன்லைன் கூட்டம்தான் வழி, அது நேரில் வருவதற்குச் சமம் ஆகாது.

இத்தனை குறை சொல்லியும் என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் பழைய அகப்பாடல்களில் தலைவனுக்குப் பாங்கன் என்று ஒருவன் உண்டு. தலைவன் சாப்பிடாமல் தூங்காமல் திரிந்தால் என்னடா ஆச்சு என்று கேட்பவன் அவன். திட்டுவான், பிறகு அவனே உதவிக்கும் போவான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே காதலிக்கிறவன் தனியாகக் காதலிக்க முடியாது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம் தம்பிகளிடம் இல்லாதது இதுதான். காதலனைத் தேடுவதற்கு முன்னால், அந்தத் தேடலைப் பற்றிப் பேச ஒரு பாங்கன் வேண்டும். ஆப்பில் யாரையாவது பார்க்கப் போகும்போது இடத்தை அனுப்பி வைக்கவும், அவன் பேசுவது சரியில்லையே என்று சொல்லவும், முறிந்த ராத்திரியில் பரோட்டா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கவும் ஒருவன். அந்த ஆள் கூட்டத்தில்தான் எளிதாகக் கிடைக்கிறான். நீ கே என்று சொல்லியும் நல்லபடியாக நின்ற கல்லூரி நண்பன் இருந்தால், அவனே பாங்கன். என் ஹாஸ்டல்காரனிடம் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் கழித்துச் சொன்னேன். இன்றைக்கு வரை மாதம் ஒருமுறை போன் செய்து, ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களாடா என்று கேட்பவன் அவன்தான்.

சொற்களும் கூட்டத்தில்தான் கிடைத்தன. ஊரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வசைச்சொல் மட்டும். தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மேல் வரும் ஈர்ப்பு), பால்புதுமையினர் (குயர் என்பதற்கான தமிழ்ச்சொல்) என்று மனிதர்கள் தங்களைத் தாங்களே மரியாதையோடு சொல்லிக்கொள்வதை அங்கேதான் கேட்டேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் தொடங்கிவைத்த வழிகாட்டல்களைத் தொடர்ந்து, 2022-இல் தமிழ்நாடு அரசே இப்படியான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘மாற்றும் சிகிச்சை’ கூடாது என்று சொன்னதும் அதே 2021 உத்தரவுதான். வீட்டில் தெரிந்து உன்னை டாக்டரிடம் இழுத்துப் போனால், இது நோய் இல்லை, மாற்ற முயல்வது மருத்துவ ஒழுங்கை மீறுவது என்று நீ துணிந்து சொல்லலாம்.

காத்திருப்பது, இல்லை கல்யாணம் பண்ணிக்கொள்வது

தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான். பணத்துக்கு அம்மா அப்பாவை நம்பி இருக்கும் வரை வீட்டில் சொல்லாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வீட்டில் சொல்வதையும் காதலிப்பதையும் ஒரே முடிச்சாகப் போடாதே, முதலாவது காத்திருக்கலாம்.

பெண் பார்த்துக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்பதை மட்டும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். அதில் இன்னொரு உயிர் இருக்கிறது. அவளும் ராத்திரி சாப்பிட்டியா என்று ஆசையாகக் கேட்க ஒருவனைத் தேடித்தான் வருகிறாள்.

எதிர்காலம் என்ன என்று கேட்டான். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நமக்குத் திருமண உரிமை தரவில்லை, அது உண்மை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று இரண்டு பெண்களின் வழக்கில் சொன்னது, அதுவும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் வாடகை வீட்டில் ஏழு வருடமாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆக, அந்தத் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. அடுத்த மூன்று மாதம் கிரைண்டர் வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு முறையாவது வா. பாங்கன் என்று சொல்ல ஒருவன் கிடைத்த பிறகு டிண்டரையோ ஹிஞ்சையோ தமிழில் எழுதித் திற. யாரையாவது பார்ப்பதென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூலகம், பெசன்ட் நகர் கடற்கரை, ஜனவரியில் என்றால் புத்தகக் கண்காட்சி. இரண்டு ஆண்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பேசினாலும் அங்கே யாரும் விரட்ட மாட்டார்கள். கரூரிலேயே இருந்திருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன்: முதலில் ஆன்லைன் கூட்டம், அப்புறம் தூரத்து நட்பு, ஆப் கடைசி.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். “கூட்டத்துக்கு வந்தா நான் என்னண்ணா பேசுறது?”

பேச வேண்டாம் என்றேன். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்க வேண்டும், அதற்கு எப்போதும் ஆள் குறைவு. என் இரண்டாவது கூட்டத்தில் நான் ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கத்திலிருந்து ஒருவன் அடுக்கிக்கொண்டே வந்தான். கடைசி நாற்காலியை யார் எடுப்பது என்று நின்றோம். சாப்பிட்டீங்களா என்று கேட்டான்.